கூரை இருக்கட்டும், கண்ணாடியை மாற்றுங்கள்

துணிக்கூரைக் காரில் கூரைக்கு முன்பே கெட்டுப்போவது, அதன் பின்பக்கத்தில் பொருத்தியிருக்கும் பிளாஸ்டிக் கண்ணாடி. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, பிஎம்டபிள்யூ இஸட்3, 2002 வரை வந்த போர்ஷே பாக்ஸ்டர் என்று எதை எடுத்தாலும் இதுதான் நிலைமை. துணியின் ஆயுள் வேறு, பிளாஸ்டிக்கின் ஆயுள் வேறு. இரண்டையும் ஒரே பொருளாக நினைத்து, கண்ணாடி மங்கியதும் முழுக்கூரைக்கும் விலை கேட்பது வீண்செலவு. துணி உறுதியாக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதும், அதையும் பசையால் ஒட்டாமல் நூலால் தைத்து மாற்ற வேண்டும் என்பதே குஷன் வேலை செய்பவன் என்ற முறையில் என் கட்சி.

பிளாஸ்டிக் ஏன் முந்திக்கொண்டு கெடுகிறது என்பதற்குச் சிங்கப்பூர்த் தேக்காவிலேயே சாட்சி உண்டு. ஐந்தடி நடைபாதையில் மழைச்சாரலுக்காகக் கடைக்காரர்கள் தொங்கவிடும் ஒளிபுகும் பிளாஸ்டிக் திரைகளைப் பாருங்கள். வெயில் படும் பக்கம் மஞ்சளித்து, சுருட்டிக் கட்டும் இடத்தில் விரிசல் கண்டிருக்கும். கார்க் கண்ணாடியும் அதே பிவிசி இனம்தான். பிவிசி இயல்பில் விறைப்பானது. வளைந்து கொடுப்பதற்காகப் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்ப் பொருளைக் கலந்து அதை இளக வைக்கிறார்கள். சூட்டில் அந்த எண்ணெய் மெல்ல மெல்லக் கசிந்து போய்விடும். புற ஊதாக் கதிர் மிச்சப் பொருளைச் சிதைத்து மஞ்சளாக்கும். எண்ணெய் போனதும் தகடு சுருங்கும், விறைக்கும், மடிக்கும் கோட்டில் வெடிக்கும். பூமத்திய ரேகைக்கு ஒன்றேகால் பாகை வடக்கே இருக்கும் இந்த ஊரில் நண்பகல் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும் நாள்களும் உண்டு. குளிர்நாட்டுக் கையேடுகள் குளிரில் கூரையை மடக்காதே என்று எச்சரிக்கும். நமக்கு அந்தக் கவலை இல்லை, நம் எதிரி சூடும் ஈரமும்தான். இன்னொன்று. நிலப் போக்குவரத்து ஆணைய விதிப்படி பின் கண்ணாடி வழியே குறைந்தது 25 விழுக்காடு ஒளி புக வேண்டும். பால்போல் வெளுத்த பிளாஸ்டிக் இந்தக் கணக்கில் தேறிவிடக்கூடும். வெளிச்சம் வரும், ஆனால் பின்னால் வருவது மோட்டார் சைக்கிளா லாரியா என்று தெரியாது. ஓட்டுபவருக்கு வேண்டியது உருவம்.

இனி வேலைக்கு வருவோம். பழைய கண்ணாடியைப் பிரித்தெடுத்து, அதையே பேட்டர்னாக வைத்துப் புதுத்தகட்டை வெட்டுவது எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. அது தவறான வழி. பழைய தகடு ஏற்கெனவே சுருங்கியிருக்கிறது. அதே அளவில் வெட்டினால் புதியது துணியை உள்நோக்கி இழுக்கும், மூலைகளில் சுருக்கம் விழும், கூரையைப் பூட்டவே பலம் போட வேண்டியிருக்கும். அளவைத் துணியின் திறப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். நடுக்கோட்டைத் துணியிலும் தகட்டிலும் குறித்துக்கொண்டு, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் போக வேண்டும். சுருளாக வந்த தகட்டை வெட்டுமுன் சமதளத்தில் விரித்துப் போட்டு, அதன் வளைவு போகும்வரை காத்திருக்க வேண்டும். குண்டூசி குத்தவே கூடாது, பிவிசியில் விழுந்த துளை மூடாது. இருபக்கமும் ஒட்டும் மெல்லிய டேப்பால் பிடித்துக்கொள்ளலாம். தேக்கா சென்டர் மாடியில் ரவிக்கை தைக்கும் மிஷின் கீழ்ப்பல்லால் மட்டும் துணியை நகர்த்துவது. அதில் தகடு பாதத்தில் ஒட்டி நின்றுவிடும், துணி மட்டும் ஓடும். மேலும் கீழும் சேர்ந்து இழுக்கும் வாக்கிங் ஃபுட் மிஷின் வேண்டும், தையலின் நீளம் ஐந்து மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். நெருக்கித் தைத்தால் உறுதி என்று நினைத்தால், தபால்தலை ஓரம்போல் அந்தக் கோட்டிலேயே கிழியும். துணியில் முடிந்தவரை பழைய ஊசித்துளைகளின் மேலேயே ஊசி இறங்க வேண்டும், புதிதாக விழும் ஒவ்வொரு துளையும் ஓர் ஒழுக்கு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. பருத்தி நூல் நனைந்ததும் பருத்துத் துளையை அடைக்கும் என்பார்கள், உண்மைதான். ஆனால் ஈரத்தில் மக்கிப்போகும். வெயில் தாங்கும் பாலியஸ்டர் நூலே சரி, தையலுக்கு உள்பக்கமாக சீலர் ஒரு பூச்சு.

தையல் எதற்கு, ஒட்டினால் போதாதா என்று கேட்கலாம். பிவிசிக் கூரையில் பிவிசித் தகட்டை உருக்கி இணைக்கும் முறை தொழிற்சாலைகளில் உண்டு, நன்றாகவும் நிற்கும். ஆனால் உயர்ரகக் கூரைத்துணியின் மேல்பரப்பு அக்ரிலிக், நடுவில் ரப்பர். அது பிவிசியோடு உருகிச் சேராது. வெறும் பசையை நம்பினால் கடும் வெயிலில் பசை இளகும், கூரை மடங்கும்போதெல்லாம் ஓரம் உரியும். அப்படியானால் உண்மைக் கண்ணாடியே போடலாமே என்பது இதைவிட வலுவான கேள்வி. மாஸ்டா 1998இலேயே கண்ணாடிக்கு மாறிவிட்டது, போர்ஷேயும் பிஎம்டபிள்யூவும் பின்னால் வந்தன. கண்ணாடி மஞ்சளிக்காது, எளிதில் கீறல் விழாது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் கண்ணாடி மடியாது. வளைந்து மடிவதற்கென்றே வடிவமைத்த கூரைச்சட்டத்தில் அதை நுழைத்தால் மடக்கும் விதமே மாற வேண்டும். அதோடு கண்ணாடியைத் துணியில் பிடித்து வைப்பதும் பசைதான். அந்த ஒட்டு விட்டுப்போய்க் கண்ணாடி துணியிலிருந்து கழன்று நிற்பது பல கார்களில் பார்க்கக்கூடிய கோளாறு. துணியே நைந்திருந்தால் கண்ணாடி வைத்த புதுக்கூரை வாங்குங்கள், அங்கே எனக்கு வழக்கில்லை.

மிஞ்சுவது சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழ். பத்தாண்டில் கழிக்கப்போகும் காருக்கு இவ்வளவு மெனக்கெடலா என்பார்கள். ஆனால் முதலில் சொன்ன பிளாஸ்டிக் கண்ணாடிக் கார்கள் எல்லாமே அந்தப் பத்தாண்டை எப்போதோ தாண்டியவை. பணம் கட்டி உரிமத்தை ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ நீட்டித்து, வருடா வருடம் சோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்தும் ஆள், காரை விரும்பித்தான் வைத்திருக்கிறார். 2023இல் சிஓஇ ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிய ஊரில், ஒரு தகடும் ஒரு கண்டு நூலும் ஊதாரித்தனம் ஆகாது.

அப்படிக் கடைக்குப் போனால் இரண்டு கேள்வி கேளுங்கள். அளவு எதிலிருந்து எடுப்பீர்கள், எந்த நூல் போடுவீர்கள்? பழைய கண்ணாடியைக் கைகாட்டினால் வேறு கடை பாருங்கள். வேலை முடிந்து வந்தபின் ஈரக் கூரையை மடக்காதீர்கள்.