உப்பளத்தில் ஒரு கரண்டி மூக்கு

பாங்காக், பிப்ரவரி மாதம்.



போன சனிக்கிழமை விடியுமுன் நாலு மணிக்கு எழுந்து, 30 கிராம் எடையுள்ள ஒரு பறவையைப் பார்க்கக் காரில் இரண்டு மணி நேரம் போனேன். வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

போன இடம் பெட்சபுரி மாகாணத்தில் உள்ள பாக் தாலே. இறங்கியதும் எனக்கு எங்கள் ஊர் வேதாரண்யம் ஞாபகம்தான் வந்தது. அதே பாத்தி, அதே வரப்பு, கூம்பு கூம்பாக வாரி வைத்த உப்பு, கண்ணைக் கூச வைக்கும் அதே வெயில். பேச்சுதான் வேறு.

பறவை, உள்ளானில் ஒரு வகை. மூக்கு நுனி மட்டும் கரண்டி போல விரிந்திருக்கும். உலகம் முழுவதும் சில நூறுதான் மிச்சம். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில், சுகோத்கா கரையோரம் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. குளிர் தொடங்குமுன் கிளம்பி, மஞ்சள் கடல் சேற்றில் இறங்கி இரைதேடி, 8,000 கிலோமீட்டர் பறந்து வங்கதேசம், மியான்மர், தாய்லாந்துக் கரைகளுக்கு வருகிறது. வழியில் இறங்க வேண்டிய அந்தச் சேற்றில் நிறைய இப்போது இல்லை. தென்கொரியாவில் சேமாங்கும் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் நீளச் சுவர் எழுப்பிக் கடலை மறித்துவிட்டார்கள். 2006-இல் சுவர் மூடியது. போதாததற்கு, மியான்மரில் ஏழைகள் வலை வைத்து உள்ளான் பிடித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சின்ன வயதில் எங்கள் கடைத்தெருவில் காலைக் கட்டிக் கொத்தாக விற்ற உள்ளானை அப்பா வாங்கி வருவார். மிளகு போட்டு வறுத்ததை நானும் தின்றவன்தான்.

வரப்பில் ஏற்கெனவே பத்துப் பேர், நீளக் குழாய் மாட்டிய கேமராக்களோடு. எதிரே நூற்றுக்கணக்கில் கொசு உள்ளான்கள், எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஒரு மணி நேரம் தேடினேன்; கண் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருவர் வேலையை நிறுத்தாமலே விரலை நீட்டினார்.

மற்றவை கோழி மாதிரி கொத்திக் கொத்தித் தின்ன, இது ஒன்று மட்டும் தலையைக் குனிந்து, மூக்கைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே நடந்தது. ஊர் உப்பளத்தில் அப்பா பலகை போட்டு உப்பு வாரும் நடை. பக்கத்தில் நின்றவர் நாலு படம் எடுத்தார், பட்டியலில் ஒரு கோடு கிழித்தார், ஐந்து நிமிடத்தில் காரேறிப் போய்விட்டார். எனக்கு அந்தப் பொழுதுபோக்கு பிடிபடவில்லை. நான் உச்சி வெயில் வரை நின்றேன்.

இங்குள்ள பறவை ஆர்வலர் சங்கம் இந்த உப்பளத்திலேயே கொஞ்சம் நிலம் வாங்கிக் காக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய காவல் அந்த உப்புக்காரர்தான் என்று தோன்றியது. அவர் ஆழமில்லாமல் தண்ணீர் கட்டும் வரைக்கும்தான் உள்ளானுக்கு இரை. பாத்தியை இறால் குட்டையாக ஆழப்படுத்தினால் அந்தக் குட்டைக்கால் எங்கே நிற்கும்?

ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பறவை நம்மூருக்கும் வந்திருக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக ஆய்வாளர் சுகதன் கோடியக்கரையில் இதைக் கண்டு, கழக இதழில் 1985-இல் எழுதியிருக்கிறார். என் வீட்டு வாசலுக்கு வந்ததைப் பார்க்காமல், பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வந்து பார்த்திருக்கிறேன்.

இந்தப் பனிக்காலத்தில் கோடியக்கரைப் பக்கம் போகிறவர்கள் கொசு உள்ளான் கூட்டத்தைக் கண்டால் சற்று நில்லுங்கள். பக்கவாட்டில் கரண்டி தெரியாது. உங்கள் பக்கம் முகம் திருப்பும்வரை காத்திருங்கள்.