கடையை விடாத ஊழியருக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான ஜான் வானமேக்கர் ஐயா அவர்களுக்கு,

சென்னையிலிருந்து ஒரு துணிக்கடைக்காரன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். வாரத்தில் ஆறு நாள் கல்லாவில் உட்காருகிறவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவன். பிலடெல்பியாவில் பெரிய துணிக்கடை நடத்திய நீங்கள் 1922 டிசம்பரிலேயே கர்த்தருக்குள் நித்திரை அடைந்துவிட்டீர்கள். ஆகையால் நன்றி உங்களுக்கு என்றாலும், இந்த மடலைப் படிக்க வேண்டியவர்கள் எங்கள் சபைகளில்தான் இருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துக் கன்வென்ஷன் கூட்டங்களில் ஒரு வகைச் சாட்சிக்குத் தனி மரியாதை உண்டு. “நல்ல வேலையை விட்டேன், நடந்துகொண்டிருந்த தொழிலை விட்டேன், முழுநேர ஊழியத்துக்கு வந்துவிட்டேன்” என்று சொல்பவரைச் சபை ஆர்வத்தோடு கேட்கும். கேட்க வேண்டியதுதான், அப்படி வந்த நல்ல ஊழியர்களால் நாங்கள் வளர்ந்திருக்கிறோம். ஆனால் கடையிலேயே இருந்துகொண்டு ஊழியம் செய்கிறவரை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. அவர் ஏதோ பாதி மனதோடு நிற்பவர் என்று ஓர் எண்ணம்.

நீங்கள் எதிர்த்திசையில் நடந்தவர். பத்தொன்பது வயதில் பிலடெல்பியா ஒய்.எம்.சி.ஏ.வின் முழுநேரச் செயலாளரானீர்கள். ஆண்டுக்கு 1,000 டாலர் சம்பளம். அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ.வில் அப்படிச் சம்பளத்தோடு அமர்த்தப்பட்ட முதல் செயலாளர் நீங்கள்தான் என்பார்கள். 1861 ஏப்ரலில் அந்த வேலையை விட்டு, மைத்துனர் நேதன் பிரவுனோடு சேர்ந்து மார்க்கெட் தெருவில் ஆண்களுக்கான ஆயத்த ஆடைக் கடை திறந்தீர்கள். முதல் நாள் வியாபாரம் 24 டாலர் 67 சென்ட். 67 சென்ட்டைச் சில்லறைக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தை அப்படியே விளம்பரத்துக்குக் கொடுத்த கதை வியாபாரிகளுக்குள் இன்றும் சொல்லப்படுகிறது. கடை திறந்த அதே வாரத்தில் உள்நாட்டுப் போர் வெடித்தது. எங்கள் ஊராக இருந்தால் “ஊழியத்தை விட்டதற்குக் கிடைத்த தண்டனை” என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

நீங்கள் விட்டது சம்பளத்தை, ஊழியத்தை அல்ல. அதற்கு நீங்கள் தொடங்கிய பெத்தானியா ஞாயிறு பள்ளியே சாட்சி. 1858 பிப்ரவரியில், முரட்டுக் கும்பல்களுக்குப் பேர்போன சவுத் தெருப் பகுதியில் ஞாயிறு பள்ளி தொடங்கப் போனீர்கள். முதல் கூட்டத்தை ரவுடிகள் கலைத்து விரட்டினார்கள். அடுத்து, செருப்புத் தைக்கும் ஒருவர் குடியிருந்த வீட்டில் 27 பிள்ளைகளோடு மறுபடி உட்கார்ந்தீர்கள். கோடை வந்ததும் இடம் போதாமல், கப்பல் பாய்த்துணியில் தைத்த கூடாரத்துக்கு மாறியது பள்ளி. 1865இல் அதிலிருந்து ஒரு சபையே உருவானது. பிள்ளைகளின் எண்ணிக்கை சில ஆயிரங்களைத் தொட்டது. நாட்டிலேயே பெரிய ஞாயிறு பள்ளிகளில் ஒன்று என்று பெயர் வாங்கிய பிறகும் அதன் பொறுப்பு உங்களிடமே இருந்தது. குருப்பட்டம் பெற்ற போதகர்கள் வந்தார்கள், போனார்கள். நீங்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தீர்கள், அங்கி அணியாமல். கூலிக்காரர்கள் காசு காசாகச் சேமிக்க ஒரு சிறுசேமிப்பு வங்கியும் அந்தச் சபையை ஒட்டியே பிறந்தது. பாடம் சொல்வதோடு பசியையும் கடனையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது வியாபாரிக்குச் சட்டென்று புரியும்.

1889இல் அதிபர் ஹாரிசன் உங்களை அஞ்சல்துறைத் தலைவராக்கினார். நான்கு ஆண்டுகள் வாஷிங்டனில் மந்திரி வேலை. வாரக் கடைசியில் ரயிலேறி ஊருக்கு வந்து ஞாயிறு பள்ளியில் நின்றீர்கள். மாதக் கணக்கு முடிக்க வேண்டும் என்று ஞாயிறு வகுப்புக்கு மட்டம் போடும் எங்களைப் போன்றோர்க்கு இதைவிட வேறு பிரசங்கம் தேவையில்லை.

நன்றி மடல் என்பதற்காக உங்கள் மந்திரிப் பதவிக்காலம் முழுவதையும் புகழ என்னால் முடியாது. ஹாரிசனின் தேர்தலுக்கு நீங்கள் பெரும்பணம் திரட்டித் தந்ததற்குக் கிடைத்த பதவி அது என்று அப்போதே பத்திரிகைகள் எழுதின. எதிர்க்கட்சிக்காரர்கள் என்பதற்காக ஆயிரக்கணக்கான போஸ்ட்மாஸ்டர்கள் மாற்றப்பட்டார்கள். டால்ஸ்டாயின் ‘க்ரூட்சர் சொனாட்டா’வைத் தபாலில் அனுப்ப 1890இல் உங்கள் துறை தடை போட்டது. அதிகாரம் கைக்கு வந்தால் பக்திமான் எங்கே சறுக்குவான் என்பதற்கும் உங்கள் வாழ்க்கையில் பாடம் இருக்கிறது.

கடைக்குள் நீங்கள் செய்ததுதான் என்னை அதிகம் தொட்டது. அந்நாளில் பேரம்தான் வழக்கம். ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள். சாமர்த்தியம் உள்ளவனுக்குக் குறையும், அப்பாவிக்கு ஏறும். நீங்கள் சரக்கின் மேல் விலையை எழுதி ஒட்டினீர்கள்: எல்லாருக்கும் ஒரே விலை. பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்றும் அறிவித்தீர்கள். இரண்டையும் உலகத்தில் முதலில் செய்தவர் நீங்களே என்று சொல்ல மாட்டேன். பெரிய கடையின் சட்டமாக அவற்றை நிலைநாட்டியவர்களில் நீங்கள் முக்கியமானவர். ‘விற்ற சரக்கு வாபஸ் வாங்கப்படமாட்டாது’ என்ற பலகையின் கீழ் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குத் தெரியும், கள்ளத்தராசைப் பற்றிய வேத வசனம் எந்த இடத்தில் குத்தும் என்று.

பென்சில்வேனியா ரயில்வேயின் பழைய சரக்குக் கிடங்கை வாங்கினீர்கள். அதைக் கடையாக்கும் முன், பிரசங்கியார் மூடியும் பாடகர் சாங்கியும் எழுப்புதல் கூட்டம் நடத்த விட்டுக்கொடுத்தீர்கள். 1875 நவம்பர் முதல் சில வாரங்களுக்கு அங்கே ஆயிரமாயிரமாய் மக்கள் திரண்டார்கள். பிரசங்கித்த மூடி செருப்புக்கடை விற்பனையாளராக இருந்தவர். பாடிய சாங்கி வரி வசூலிக்கும் அலுவலராக இருந்தவர். இடம் தந்தவர் துணி வியாபாரி. மூவரில் ஒருவரும் குருப்பட்டம் பெற்றவரில்லை. அடுத்த மே மாதம் அதே கூரையின் கீழ் உங்கள் பெரிய கடை திறந்தது.

எங்கள் ஊருக்கும் உங்கள் கை நீண்டது. உங்கள் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் பணியாற்றிய டேவிட் மெக்கானகி இங்கே வந்து 1890இல் சென்னை ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கினார். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே எஸ்பிளனேடில் அதற்கென எழுந்த சிவப்புக் கட்டடம் உங்கள் பணத்தில் உருவானது. பாரிமுனைக்குக் கொள்முதலுக்குப் போகும் வியாபாரிகளில் எத்தனை பேருக்கு அது பிலடெல்பியாத் துணிக்கடை லாபத்தில் கட்டியது என்று தெரியும்?

நீங்கள் தந்தது கட்டடத்துக்கான பணம். அந்த இயக்கத்தில் வளர்ந்த ஆட்களை எங்கள் மண்ணே தந்தது. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா 1895இல் ஒய்.எம்.சி.ஏ. ஊழியரானார். 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக அவர் முன்னின்றபோது அவரும் சாதாரண சபையார்தான்; குருப்பட்டம் 1909இல்தான் வந்தது. பேராயரானது அதற்கும் பிறகு.

இவற்றுக்கெல்லாம் நன்றி, ஐயா. எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லாவுக்கும் பீடத்துக்கும் நடுவே நாங்கள் போட்டு வைத்திருக்கும் கோட்டை அறுபது ஆண்டு உழைப்பால் அழித்துக் காட்டியதற்கு நன்றி. இனி எங்கள் சபையில் ஒரு வாலிபன் கடை வைக்கப் போகிறேன் என்று ஜெபம் கேட்டு வந்தால், “ஊழியத்துக்கு வரலையா தம்பி?” என்று கேட்க மாட்டேன். “ஓய்வுநாள் பள்ளியில் எந்த வகுப்பை எடுத்துக்கொள்கிறாய்?” என்று கேட்பேன்.

கர்த்தருடைய பணியில்,
சென்னைத் துணிக்கடைக்காரன் ஒருவன்