துளையிட்ட அட்டையும் மூடிய பெட்டியும்

நுழையாதே! ஓதாதே! கேளாதே! இம்மூன்று கட்டளைகளால் நெடுங்காலம் கட்டுண்டு கிடந்தது நம் நாடு. கோபுரங்கள் ஓங்கி நிற்கும் காஞ்சியிலே வாழும் நமக்கு அதனை எவரும் விளக்கத் தேவையில்லை. 'ஏன்?' என்று கேட்கும் துணிவை இயக்கம் நமக்கு ஊட்டிற்று. அந்தத் துணிவு ஆலய வாயிலோடு நின்றுவிடலாமா? அன்றாடம் நம் மடிமீது வந்து அமரும் கணினியிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டாமா?

பிள்ளையார்பாளையத்துத் தறிகளைப் பாருங்கள், தோழர்களே! தறியின் மேலே, துளையிட்ட அட்டைகள் மாலைபோல் கோக்கப்பட்டுத் தொங்கும். பிரான்சு நாட்டு லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் 1804 இல் உருவாக்கிய பொறியின் வழிவந்தவை அவை. துளையுள்ள இடத்தில் பாவிழை எழும். துளையற்ற இடத்தில் எழாது. எழுவதும் எழாததுமான இந்த இரண்டே நிலைகளால் கரையிலே அன்னம் நீந்துகிறது, முந்தியிலே மயில் ஆடுகிறது! இங்கிலாந்து நாட்டுச் சார்லஸ் பாபேஜ், 19 ஆம் நூற்றாண்டிலே தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கு இந்த அட்டை முறையைத்தான் எடுத்துக்கொண்டார். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குக் கணினி அயலாருடைய விந்தையன்று, தறியின் உறவு.

அட்டையிலே ஒளிவுமறைவு இல்லை. துளைகளை எண்ணலாம், படியெடுக்கலாம், பூ பிடிக்கவில்லையென்றால் வேறு அட்டை அடித்துக் கோக்கலாம். நம் மடிக்கணினியிலோ? விண்டோஸ் போன்ற இயங்குதளங்கள் சேலையை மட்டும் கொடுத்து, அட்டையைப் பூட்டி வைத்துக்கொள்கின்றன. உள்ளே என்ன நடக்கிறதென்று நாம் பார்க்க இயலாது, மாற்ற உரிமையில்லை, அண்டை வீட்டாருக்குப் படியெடுத்துக் கொடுத்தால் குற்றம். நுழையாதே, ஓதாதே, கேளாதே! கட்டளை பழையது, கட்டடம் மட்டுமே புதியது.

இந்தப் பூட்டை உடைக்கப் புறப்பட்டோர் உண்டு. அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 இல் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். எவரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்பதே அதன் அடிப்படை. 1991 இல் பின்லாந்து நாட்டில், 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் கருநிரலை எழுதி ஊரறிய வெளியிட்டார். மாணவர் ஒருவர் தொடங்கியதை உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கானோர் வளர்த்தனர்.

ஆங்கிலத்தில் ஒரே சொல் இலவசத்தையும் விடுதலையையும் குறித்துக் குழப்பும். தமிழுக்கு அந்த இடர் இல்லை. இலவசம் வேறு, விடுதலை வேறு. கட்டற்ற மென்பொருள் என்று நாம் பெயரிட்டது காசு மிச்சமாகிறது என்பதற்காக அன்று. கட்டு அறுகிறது என்பதற்காக!

"பயன்படுத்தினால் போதாதா? உள்ளே பார்த்து நாம் என்ன செய்யப் போகிறோம்?" என்று கேட்கிறார்கள் நண்பர்கள். அவர்கட்குப் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை நினைவூட்டுவோம். குடி அரசு ஏட்டில் 1935 இல் அவர் சீரமைத்த எழுத்துகளைக் கையாளத் தொடங்கினார். தமிழக அரசு அவற்றை ஏற்று ஆணையிட்டதோ 1978 இல். இடையே 43 ஆண்டுகள்! அரசின் ஆணைக்குக் காத்திராமல் அவர் எவ்வாறு அச்சிட்டார்? அச்சுக்கூடம் அவர் கையிலிருந்தது. எழுத்தை அடுக்கும் உரிமை அவருக்கிருந்தது. எழுத்துப் பெட்டியின் திறவுகோல் அயலான் இடுப்பிலே தொங்கியிருந்தால், சீர்திருத்தம் விண்ணப்பமாகவே மடிந்திருக்காதா? கருவி நம் கையிலிருந்தால்தான் கருத்து நடைபோடும்.

தமிழகத்தில் 2011 இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கிற்று. தொடக்க காலத்தில் வந்த கணினிகளில் விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. இரண்டு கதவுகள்! ஆனால் நாமறிந்த வீடுகளில் இரண்டாம் கதவைத் திறந்தவர் அரியர். திறக்கச் சொல்லிக்கொடுப்பார் இல்லையே!

நம் தமக்கையார் பள்ளியில் பெற்ற அத்தகைய கணினி, இன்று நம்மிடம் இருக்கிறது. அதிலிருந்த விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 சனவரியோடு நின்றன. "எடைக்குப் போடுங்கள்" என்றனர் பலர். டெபியன் லினக்சை எளிய திரையமைப்போடு நிறுவினோம். வினாத்தாளும் மதிப்பெண் பட்டியலும் லிப்ரே ஆபிசில் உருவாகின்றன; தமிழ்99 விசைப்பலகையில் எழுத்து ஓடுகிறது. குறையே இல்லையென்று கூறோம். சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். விண்டோசுக்கென எழுதப்பட்ட செயலிகள் பல இதில் ஓடா. ஆனால் குறை தென்பட்டால் காரணத்தைத் தேடலாம், கேட்கலாம், அறிந்தவர் திருத்தலாம். குறையைத் தலைவிதி என்று ஏற்கவேண்டியதில்லை!

வகுப்பிலே இதனைக் காட்டியபோது மாணவியொருத்தி கேட்டாள்: "ஐயா, இதை எழுதினவங்க நம்மையும் எழுத விடுவாங்களா?" விடுவார்கள் என்றோம். தமிழில் பட்டிகளை மொழிபெயர்த்தோர் பலரும் எவரிடமும் வரம் பெற்று வந்தவர்களல்லர். முன்வந்து செய்தவர்களே என்றோம். பட்டு நெய்தும் பட்டுடுத்த வழியில்லாத வீட்டுப் பிள்ளை அவள். பிறர் செய்த கருவிக்குக் காலமெல்லாம் வாடிக்கையாளராக இருப்பதா, கருவி செய்வோர் வரிசையில் அமர்வதா என்பதே அவள் முன்னுள்ள வினா. அதற்கு விடையிறுக்கும் பொறுப்பு ஆசிரியருடையது, அரசினுடையது, நம் மன்றங்களுடையது.

அண்டையிலுள்ள கேரளம் அரசுப் பள்ளிகளிலே கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணினிக் கல்வியை வளர்த்திருக்கிறது. நம் ஊரிலும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, தமிழிலேயே பேசி, தமிழிலேயே ஐயம் தெளிவித்து, கூட்டங்கள் நடத்தி வந்திருக்கிறது. சாதி கேட்பதில்லை, பட்டம் கேட்பதில்லை. வந்தவரை வருக என்கிறது.

மன்றந்தோறும் பழைய மடிக்கணினி ஒன்றேனும் தூசி படிந்து கிடக்கும். விரலளவு நினைவுக் கோலில் லினக்சை ஏற்றுங்கள். இருப்பதை அழிக்காமலே அதிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். படிப்பகத்தில் வைத்து, வாரம் ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுங்கள். நூலகம் திறந்தோம், இரவுப் பள்ளி நடத்தினோம். இந்தப் பெட்டியையும் திறப்போம்!