ஓர் அடிச்சட்டத்தின் பூர்வீகம்

கல்லூரி மலரொன்றிலே கறள் பிடித்த இரும்பைப் பற்றி எழுதுவானேன் என்று பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். சைவமும் தமிழும் பேசவேண்டிய இடத்தில் மோட்டார்க் காருக்கு என்ன வேலை என்று ஆசிரியர் எவரேனும் புருவத்தை நெரிக்கவுங் கூடும். கல்வெட்டையும் காசையுங் கொண்டு காலத்தைக் கணிப்பது கல்விக்கு உரிய செயலாயின், காரின் அடிச்சட்டத்தைக் கொண்டு அதன் பிறப்பைக் கணிப்பதும் அதற்கு இனமானதே என்பது எமது துணிபு.

கொட்டாஞ்சேனையிலே பழைய வீடொன்று மாடிக் குடியிருப்புக்காக இடிக்கப்படவிருந்தது. அதன் பின்வளவில், கொடி படர்ந்து கிடந்தது அச்சட்டம். மெக்கானிக்மார் ‘செசி’ என்று வழங்குவது இதனையே. வெள்ளவத்தையில் 1983 ஆடிக் கலவரத்தின்போது வீட்டோடு எரிந்த காரொன்றின் எச்சம் அது. மரவேலையும் மெத்தையும் வெந்தொழிந்தன; பதிவுப் புத்தகம் காணி உறுதிகளோடு சேர்ந்து சாம்பராயிற்று. எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் பின்னர் எவரோ கழற்றிச் சென்றனர். இரு அச்சுகளோடு மிஞ்சிய இரும்பை வீட்டார் கொட்டாஞ்சேனை உறவினர் வளவிற் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, வேறு கவலைகளைப் பார்க்கப் போயினர்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேற் கழிந்தபின், பழைய இரும்புக்காரர் நிறுத்து எடுக்க வருமுன்னர், பழங்கார் சேகரிப்பவர் ஒருவர் விலை பேச வந்தார். அவர் கேட்டது ஒன்றே: இது 1930க்கு உட்பட்டதா? ‘விண்டேஜ்’ என்ற சொல்லை நாம் பழையன யாவற்றுக்கும் தாராளமாக வழங்குகிறோம். 1934இல் இங்கிலாந்திலே தோன்றிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார்க் கழகத்தாரோ 1930 டிசெம்பர் 31ஆந் திகதிக்குப் பின் செய்யப்பட்ட எதனையும் அப்பெயரால் அழையார். பாட்டனார் அரசாங்க எழுதுவினைஞராயிருந்த காலத்தில், 1928இல், புதிதாக வாங்கியது என்று வீட்டுப் பேரர் அடித்துக் கூறினார். சான்று கேட்கவே, அளந்து சொல்லும் பொறுப்பு பழைய மாணவர் மூவராகிய எம்மிடம் வந்தது.

இலக்கத் தகடு இல்லை. 1958இலே அத்தகட்டின் ஓர் எழுத்துக்காகத் தார்ச்சட்டி தூக்கிய நாடு நமது. தகட்டுக்கு அவ்வளவு மதிப்பு. ஆயினும் கார் எப்போது பதியப்பட்டது என்பதையன்றி எங்கே பிறந்தது என்பதைத் தகடு கூறாது. ஆகவே எலும்பையே பார்த்தோம்.

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்கும் அன்பர் ஒருவர் அதனைப் போர்ட் என்றார். அயல்வீட்டார் மொறிஸ் மைனர் என்றார். மொறிஸ் மைனர் என்றவுடன் நம்மவர் நினைப்பது 1948இல் வெளிவந்ததையே. அதற்குத் தனி அடிச்சட்டமே கிடையாது, உடலே சட்டம். 1932இல் வந்த சிறிய போர்ட்டுக்கு முன்னும் பின்னும் குறுக்காகவே வில்லுத்தகடு அமையும். எம் முன்னே கிடந்ததோ ஏணி வடிவினதன்று. இரு நெடுஞ்சட்டங்களும் முன்னே குறுகி மூக்கிற் கூடி, பின்னே அகன்று, ஆங்கில ‘ஏ’ எழுத்தை ஒத்திருந்தன. முன்னே குறுக்காக ஒரே வில். பின்னே, சட்டம் முடியும் இடத்திலிருந்து வால்போல நீண்ட இரு கால்வில்கள். பின்னச்சு சட்டத்தின் கீழே இல்லை. அதற்கு அப்பாலே தொங்கிற்று. இவ்வளவும் ஒருங்கு அமைந்தது ‘பேபி ஒஸ்ரின்’ எனப்பட்ட ஒஸ்ரின் செவன் காருக்கே. 1922 முதல் 1939 வரை ஏறத்தாழ 2,90,000 செய்யப்பட்டன. அதன் வரைபடங்களை ஹேபர்ட் ஒஸ்ரினின் இல்லத்துப் பில்லியட் அறையிலே இருந்து வரைந்தவர் ஸ்ரான்லி எட்ஜ் என்னும் பதினெட்டு வயது இளைஞர். இன்று எமது கல்லூரியில் உயர்தர வகுப்பில் இருப்போர் இதனைக் கவனிப்பாராக!

இனங் கண்டுவிட்டோம் என்று மகிழ்வதற்கில்லை. இக்குழந்தைக்கு உடன்பிறப்புகள் பல. ஜேர்மனியின் ஐசனாக் நகரில் டிக்சி என்ற பெயரால் உரிமை பெற்றுச் செய்தனர்; அத்தொழிற்சாலையை 1928இல் வாங்கியே பீ.எம்.டபிள்யூ. கார்த் தொழிலில் இறங்கிற்று. பிரான்சில் ரோசன்கார், அமெரிக்காவில் 1930 முதல் அமெரிக்கன் ஒஸ்ரின். ஒரே எலும்பு, நான்கு தேசம். ஸ்டியறிங் பெட்டி பொருந்திய துளைகள் வலப்புறத்தில் இருந்தமை இங்கிலாந்தைச் சுட்டிற்று. அது மட்டும் போதாது. அளவுநாடாவை எடுத்தோம்.

அச்சுக்கும் அச்சுக்கும் இடையே 81 அங்குலம். மும்முறை அளந்தோம், மூன்று பேரும் தனித்தனியே அளந்தோம். ஜேர்மன், அமெரிக்கக் கார்கள் முதற்கட்டத்து 75 அங்குலத்தையே பின்பற்றியவை, அவை விலகின. பேர்மிங்காமுக்கு அருகே லோங்பிரிட்ஜில் பிறந்தது என்பதற்கு இது வலிய சான்று. ஆனால் அதே அளவு மற்றொன்றையுங் கூறிற்று. லோங்பிரிட்ஜ்க்காரர் 75ஐ 81 ஆக நீட்டியது 1931இன் பிற்பகுதியிலேயே. 1928இல் இந்தச் சட்டம் உலகில் இல்லை.

அளவு ஆறங்குலம், விலையில் அது பெரிய தொகை. பேரர் முகம் வாடிற்று. ‘சுமார்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து எழுதித் தரலாகாதா என்று கேட்டார். எழுதுபவர் கையொப்பம் சுமாராக இருக்கமாட்டாதே! மறுத்தோம். அப்பொழுது, அதுவரை கதிரையிற் பேசாதிருந்த அவர் தாயார், காரை வாங்கியவரின் மகளார், வாய்திறந்தார்.

“1928 எண்டு ஐயா ஒருநாளும் சொன்னதில்லைத் தம்பிமார். டொனமூர் வந்த காலத்திலை வாங்கினதெண்டுதான் சொல்லுவார்.”

டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது 1927 நவம்பரில். திரும்பியது 1928 ஜனவரியில். பாடப்புத்தகத்திலே இதைப் படித்த பேரர் காரின் ஆண்டையும் அங்கே நிறுத்திவிட்டார். டொனமூர் அரசியற்றிட்டம் வந்ததோ 1931இல். யாழ்ப்பாணத்து வாலிப காங்கிரசார் தேர்தலைப் பகிஷ்கரித்த ஆண்டு அது. அந்தக் காலத்துத் தமிழ் எழுதுவினைஞர் ஒருவர் ‘டொனமூர் வந்தபோது’ என்று சொன்னால், எந்த வரவை நினைத்திருப்பார்? சட்டமும் தந்தையின் சொல்லும் முரண்படவில்லை என்றோம். அம்மையார் கண்களைத் துடைத்துக்கொண்டார். எரிந்துபோன வீட்டிலிருந்து தந்தையாரின் கையெழுத்து ஒன்றுகூட அவருக்கு மிஞ்சவில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம்.

சேகரிப்பவர் மரியாதையாக விடைபெற்றார். அடிச்சட்ட இலக்கம் கறளின் கீழ் மறைந்துள்ளது. மண்ணெண்ணெயும் தூரிகையுமாகச் சிறிது சிறிதாகத் துடைத்து வருகிறோம். எண்கள் தெளிந்ததும் இங்கிலாந்திலுள்ள ஒஸ்ரின் செவன் கழகங்களின் ஆவணகத்துக்கு எழுதுவோம். சட்டத்தை வெள்ளவத்தைக்கே கொண்டுவருமாறு அம்மையார் பணித்தார். சிறிய லொறியொன்றில், அச்சுகளைக் கழற்றாமலே, நால்வர் தூக்கி ஏற்றினோம்.