சூரியனைப் பார்த்து நட

டோபாஸ் மலைக்குக் கல் பொறுக்கப் போகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லி அனுப்பும் யோசனை ஒன்றுதான்: வெயில் சாய்ந்திருக்கும் நேரத்தில் போ, சூரியனைப் பார்த்தபடி நட. எதிர்வெயிலில் மண்ணுக்குள் பாதி புதைந்த படிகம் சட்டென்று மின்னும். அந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் போய்க் குனிய வேண்டும். இமைத்துவிட்டுத் தேடினால் எல்லாம் சரளைதான்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், டெல்டா என்ற சிற்றூருக்கு வடமேற்கே விரியும் பாலைவனத்தில், தாமஸ் மலைத்தொடரின் தென்கோடியில் இருக்கிறது இந்த மலை. டெல்டாவிலேயே பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பிக்கொண்டுவிட வேண்டும்; அதற்கப்புறம் கடை கண்ணி எதுவும் கிடையாது. நான், மனைவி, எட்டு வயது மகள், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, அம்மா கட்டிய புளியோதரை எல்லாமாகப் போய் இறங்கினோம்.

மகளுக்குத் தரையோடு தரையாகக் கண் இருந்தது. அரிசி மணி அளவில் ஒன்று, கொஞ்சம் பெரிதாக இன்னொன்று என்று டப்பாவில் போட்டுக்கொண்டே போனாள். எல்லாமே நிறமற்றவை. அதற்குக் காரணம் வெயில். இந்த மலையின் ரயோலைட் பாறை சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு. அது இறுகும்போது உள்ளே அடைபட்ட ஃப்ளோரின் கலந்த ஆவி, பாறையின் பொந்துகளில் டோபாஸாகப் படிந்தது. பொந்துக்குள் இருக்கிற வரைக்கும் அதற்குத் தேன் நிறம். பாறை உடைந்து வெளியே வந்து வெயிலில் கிடந்தால் நிறம் போய்விடும். ஆக, மின்னிக் கூப்பிடுபவை எல்லாம் வெளுத்துப்போனவை. நிறம் வேண்டுமென்றால் பாறையை உடைத்தாக வேண்டும்.

அந்த வேலைக்கு என் மனைவிதான் சரி. எனக்குப் பொறுமை போதாது. டோபாஸின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 8, எஃகையே கீறும். ஆனால் குறுக்குவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் வழுக்கிக்கொண்டு இரண்டாகிவிடும். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படிகத்தைத் தொடாமல், அதைச் சுற்றியுள்ள பாறையின் விரிசலில் உளியை வைத்துப் பொட்டுப் பொட்டாகத் தட்டினாள். வெகுநேரம் கழித்து ஒரு சில்லு கழன்றது. சுண்டுவிரல் நுழையுமளவு பொந்து. அதன் சுவரில் ஒட்டியபடி, பட்டை தீட்டியது போன்ற பக்கங்களுடன் ஒரு படிகம். நுனியில் நல்ல தேன் நிறம்.

அம்மா வாங்கிப் பார்த்தாள். "புஷ்பராகந்தானேடா? குருவுக்கு உகந்த கல்லு. மோதிரத்துல பதிச்சுப் போட்டுக்கலாமே."

"அது வேற கல்லும்மா, மஞ்சள் நீலக்கல் வகை. வாங்க வசதியில்லாதவங்களுக்குத்தான் இதைக் கொடுப்பாங்க."

"குருவுக்குத் தெரியவா போகுது?"

1904-இல் மேனார்ட் பிக்ஸ்பி என்பவர் சிவப்பு பெரில் என்ற அபூர்வமான கல்லை உலகுக்குக் காட்டியது இதே தாமஸ் மலைகளில்தான். எங்கள் கண்ணில் அது படவில்லை. படும் என்று நினைத்துப் போகவும் இல்லை.

திரும்பும்போது டெல்டாவில் உள்ள டோபாஸ் அருங்காட்சியகத்தில் நுழைந்தோம். இரண்டாம் உலகப்போரின்போது, 1942 முதல் 1945 வரை, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களைக் குடும்பம் குடும்பமாக அடைத்துவைத்த முகாம் ஒன்று இந்த ஊருக்கு அருகே இருந்தது. அதற்கு இந்த மலையின் பெயரையே வைத்தார்கள். முகாமில் இருந்தவர்கள், வற்றிப்போன பழைய ஏரியின் மண்ணைச் சலித்து, குட்டிக் குட்டிச் சிப்பிகளைப் பொறுக்கி, அளவு வாரியாகப் பிரித்து, சாயம் பூசி, பூ வடிவ ஊசிப்பதக்கங்கள் செய்திருக்கிறார்கள். மல்லிகை மொட்டைவிடச் சின்னச் சிப்பிகள்.

அவர்களும் கல் தேடிப் போயிருக்கிறார்கள். 1944-இல் அப்படிப் போன இருவர் டிரம் மலைப்பக்கம் கண்டெடுத்தது 500 கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பு விண்கல். இதைச் சொன்னதும் மகள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள். அடுத்த தடவை டிரம் மலைக்குத்தான் போக வேண்டுமாம்.

"கிடைச்சா யாருடி தூக்கிட்டு வர்றது?" என்றாள் அம்மா.