சவாரி ஒருத்தருக்கு, சாணி இன்னொருத்தருக்கு

ஏப்ரல் மாதம் நுவரெலியாவுக்கு வந்தவர்களிடம் கேட்டால் பூக்கண்காட்சி, கார் ஓட்டம், குதிரைப் பந்தயம், அவித்த சோளம், குளிர் என்று வரிசையாகச் சொல்வார்கள். வாவிக்கரையில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்ததை யாரும் சொல்ல மாட்டார்கள். சாணி பற்றி ஒரு கட்டுரையா என்று எங்கள் குழுவிலேயே முதலில் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கதைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. குதிரை போடுகிற சாணியை யார் அள்ள வேண்டும் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், இந்த ஊரில் யாருக்கு என்ன வேலை என்று யார் முடிவு செய்தார்கள் என்ற இடத்தில் போய்த்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஊரைப் பற்றி. கிரகரி வாவி 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் சதுப்பு நிலத்தை மறித்து உண்டாக்கப்பட்டது. குதிரைப் பந்தயத் திடல் 1875இல் வந்தது. இரண்டுமே வெள்ளைக்காரத் துரைமார் தங்களுடைய ஊர் ஞாபகத்தில் செய்துகொண்டவை. துரைமார் போய்விட்டார்கள், வாவியும் குதிரையும் மிஞ்சின. இன்றைக்குச் சாதாரண ஆக்கள் தொட்டுப் பார்க்கிற குதிரை பந்தயக் குதிரை அல்ல. வாவிக்கரையிலும் திடலுக்குப் பக்கத்து வீதியிலும் சேணம் கட்டி நிற்கிற சவாரிக் குதிரைதான். ஒரு தம்பி கயிற்றைப் பிடித்து நடக்க, மேலே ஒரு பிள்ளை இருக்க, அப்பா முன்னால் ஓடி ஓடிப் படம் எடுப்பார். பத்து நிமிஷத்தில் சவாரி முடியும். பந்தயத்துக்கு உதவாமல் போனது சவாரிக்கு வருவதும், சவாரிக்கும் உதவாமல் போனது தெருவில் அலைவதும் ஊர் அறிந்த கதை. அது தனியாக எழுத வேண்டிய பாவம்.

இனி கணக்கு. ஒரு நடுத்தரக் குதிரை ஒரு நாளைக்கு 15 கிலோவுக்குக் குறையாமல் சாணி போடும். மட்டக் குதிரை என்றால் கொஞ்சம் குறையும். மாடு மாதிரி அசைபோட்டு, நாலு அறை வயிற்றில் வைத்துச் செரிக்கிற மிருகம் அல்ல குதிரை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே இருக்கும், ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது. பத்துக் குதிரை நின்றால் ஒரு நாளைக்கு 150 கிலோ. இது தொழுவத்தில் விழுந்தால் எரு. பிள்ளைகள் சைக்கிள் ஓடுகிற, வயசானவர்கள் காலையில் நடக்கிற, தள்ளுவண்டியில் குழந்தையை வைத்து அம்மாமார் வருகிற பாதையில் விழுந்தால் அதற்கு வேற பேர்.

“குதிரைச் சாணி வெறும் புல்லுதானே, நாய்ப் பீ மாதிரியா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதில் பாதி உண்மை. குதிரை சைவம். அதன் சாணியில் பெரும்பகுதி தண்ணீரும் செரிக்காத நாரும்தான். இறைச்சி தின்கிற நாயின் கழிவு அளவுக்கு அது மனுஷருக்கு நோய் பரப்பாது. ஆனால் ஏற்புவலிக் கிருமியின் வித்துகள் குதிரையின் குடலில் சாதாரணமாக இருப்பவை, சாணியோடு மண்ணில் கலப்பவை. வெறுங்காலில் காயத்தோடு நடக்கிற பிள்ளைக்கு அது சின்ன விஷயம் அல்ல. இன்னொன்று மழை. நுவரெலியாவில் மழைக்குப் பஞ்சமில்லை. நனைந்த சாணியில் கால் வைத்தால் இளந்தாரியே வழுக்குவான். கரைந்த சாணி கானுக்குள் போகும், கான் வாவிக்குள் போகும். அதிலுள்ள நைதரசனும் பொசுபரசும் பாசிக்குத் தீனி. வாவியின் தண்ணீர் கெடுவதற்குக் குதிரை மட்டும் காரணம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேட்டிலுள்ள மரக்கறித் தோட்டங்களின் பசளையும் கட்டடங்களின் கழிவுநீரும் மழையோடு பள்ளத்துக்குத்தானே வரும். ஆனால் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் போட்டோம் என்பதால் யாரும் போடவில்லை என்று ஆகிவிடாது.

சரி, இப்போது அதை அள்ளுவது யார்?

எங்கள் குழுவில் ஒருத்தியின் அம்மா வீதி கூட்டுகிறவர். விடியற்காலை, பனி விலகுவதற்கு முன்னாலேயே ஈர்க்குமாறும் தள்ளுவண்டியுமாகப் போய்விடுவார். இந்தக் கட்டுரைக்காக அவரிடம் கதைத்தோம். “சாணி அள்ளுறது எனக்குப் பெரிசில்லம்மா. மாட்டுச் சாணி அள்ளாத கையா இது? ஆனா குதிர போட்ட உடனே பக்கத்துல நிக்கிறவங்க எல்லாம் சுத்திப் பாக்குறாங்க. குதிரக்காரனப் பாக்குறதில்ல, சவாரி போனவங்களப் பாக்குறதில்ல. என்னயத்தான் தேடுறாங்க. அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு” என்றார்.

இதை நாங்கள் பல நாள் கதைத்தோம். ஏன் எல்லாருடைய கண்ணும் அவரைத் தேடுகிறது? சம்பளம் வாங்குகிறார், அது அவருடைய வேலை என்று ஒரு பதில் இருக்கிறது. அது போதாத பதில். இலங்கையின் நகரங்களுக்கு வெள்ளைக்காரர் காலத்தில் தெரு கூட்டவும் மலம் அள்ளவும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் அருந்ததியர் போன்ற ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கென்று நகர ஓரத்தில் லயம் கட்டிக் கொடுத்தார்கள். கண்டியில் மஹியாவ அப்படி உருவான குடியிருப்பு. அப்பா செய்த வேலை மகனுக்கு, அம்மா செய்தது மகளுக்கு என்று தலைமுறை தலைமுறையாகப் போனது. படித்து வேறு வேலை தேடப் போனாலும் விலாசத்தைப் பார்த்துவிட்டு முகம் மாறுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆகவே, “அது அவங்க வேலைதானே” என்று நாங்கள் சொல்லும்போது ஒரு சம்பளப் பட்டியலை மட்டும் சொல்லவில்லை. பொது இடத்தில் யார் அசுத்தம் செய்தாலும் அள்ளுவதற்கென்று ஒரு சனம் இருக்கிறது என்ற பழைய நம்பிக்கையையும் சேர்த்துச் சொல்கிறோம்.

பழி முழுவதையும் குதிரை பிடிக்கிற பொடியன்கள் மேல் போடுவது லேசு. அதனால்தான் அவர்களிடமும் போய்க் கேட்டோம். ஒரு தம்பி, எங்களைப் போலவே தோட்டத்துப் பிள்ளை, பள்ளிக்கூடம் இடையில் நின்றுபோனவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: “அண்ணே, மேல ஒரு புள்ள இருக்கு. நான் கயித்த விட்டுட்டுக் குனிஞ்சு சாணி அள்ளினா, குதிர மிரண்டு புள்ள விழுந்தா யாரு பதில் சொல்றது? குதிரயும் என்னோடது இல்ல. ஓடுற சவாரிக்குத்தான் எனக்குக் காசு. அள்ளுற நேரத்துக்கு யாரு குடுப்பா?”

நியாயமான கேள்விதானே? மேலே பிள்ளை இருக்கும்போது கயிற்றை விடக்கூடாது. இங்கிலாந்தில் குதிரையேறுகிறவர்களும் இதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள். வாகனம் ஓடுகிற வீதியில் இறங்கினால் மறுபடி ஏறுவது ஆபத்து என்கிறார்கள். அங்கே நாய் கழித்ததை அள்ளாமல் போனால் தண்டப்பணம் கட்ட வேண்டும். குதிரைக்கு அப்படியொரு பொதுவான சட்டம் இல்லை. நாய் எல்லா வீட்டிலும் இருக்கிறது, குதிரை வசதியான வீட்டில் இருக்கிறது என்பதும் ஒரு காரணமோ என்று எங்களுக்குச் சந்தேகம். ஆனால் பாதுகாப்புக் காரணம் சொல்வது ‘இப்போது அள்ள முடியாது’ என்பதை மட்டும்தான். சவாரி முடிந்து பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து அள்ளலாமே. அதற்கு என்ன தடை?

வழி கண்டுபிடித்த ஊர்களும் இருக்கின்றன. அமெரிக்காவின் சாள்ஸ்டன் நகரத்தில் உல்லாசப் பயணிகளை ஏற்றுகிற குதிரை வண்டிகள் நிறைய. அங்கே 1975இலேயே குதிரைக்குப் பின்னால் சாணிப் பை கட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். குதிரை சிறுநீர் கழித்தால் வண்டிக்காரர் அந்த இடத்தில் ஒரு சின்ன அடையாளக் கொடியைப் போட்டுவிட்டுப் போவார், பின்னால் வந்து கழுவிவிடுவார்கள். பை விஷயத்தை முதலில் கேலி செய்தவர்கள் இருந்தார்களாம். இப்போது அது வண்டியின் ஓர் உறுப்பு மாதிரி. வியன்னாவின் குதிரை வண்டிகளும் பை கட்டித்தான் ஓடுகின்றன. இந்த இரண்டு இடத்திலும் ஒரு விஷயம் தெளிவு. குதிரையால் சம்பாதிக்கிறவரின் தொழிலுக்குள்ளேயே சாணியும் அடங்கும். லாடம், தீனி, மருந்து எல்லாம் செலவுக் கணக்கில் வருகிற மாதிரி இதுவும் ஒரு செலவு.

எங்களுக்கு அந்த நாடுகளைப் பின்பற்றித்தான் ஆக வேண்டும் என்றில்லை. எங்களிடமே ஒரு பாடம் இருக்கிறது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் திடீரென்று தடை செய்தபோது நுவரெலியா மாவட்டத்தில் லீக்ஸ், கெரட், உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் பட்ட பாடு எங்களுக்கு நல்ல ஞாபகம். ஊர் ஊராக எரு தேடினார்கள். அந்த வருஷம் சேதனப் பசளை என்று சீனாவிலிருந்து ஒரு கப்பல் வந்தது. அதில் தீங்கான பற்றீரியா இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் 67 இலட்சம் டொலரும் கட்டினார்கள். நாடே எரு தேடி அலைந்த அந்தக் காலத்திலும் மழை வந்தால் பாதையிலிருந்த சாணி கானுக்குள்ளேதான் போனது.

தோட்டம் செய்கிற ஒரு மாமாவிடம், குதிரைச் சாணி தந்தால் எடுப்பீர்களா என்று கேட்டோம். “பச்சையாப் போட ஏலாது, சூடு. செடி கருகிப்போகும். குதிர நல்லாச் செரிக்காது, அதனால புல்லு விதையெல்லாம் அப்படியே வரும், களை மண்டிப்போகும். மூணு நாலு மாசம் குவிச்சுவச்சு, கிளறிவிட்டு மக்கவச்சாத் தங்கம். கோழிப்பசளை என்ன விலை விக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு? கொண்டாங்க, பாப்பம்” என்றார். குவிந்து மக்கும்போது உண்டாகிற சூடு களை விதைகளையும் பெரும்பாலான புழு முட்டைகளையும் கொன்றுவிடும். ஆக, வாங்க ஆள் இருக்கிறது. சேர்த்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

நாங்கள் கதைத்துக் கதைத்து வந்து நின்ற இடம் இதுதான். சாணிக்குப் பொறுப்பு குதிரையின் சொந்தக்காரர். கயிறு பிடிக்கிற தம்பி அல்ல, வீதி கூட்டுகிற அம்மாவும் அல்ல. குதிரை நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு மூடி வைத்த பீப்பாய், நீளப் பிடி போட்ட சவள், ஒரு தள்ளுவண்டி. சவாரி ஓடுகிற நேரம் முழுக்க அள்ளுவதற்கு முறைவைத்து ஒருத்தர், அவருக்கு நாட்கூலி. அந்தக் கூலி சவாரி விலையிலிருந்து வர வேண்டும். ஒரு சவாரிக்கு ஒரு சின்னத் தொகை கூடினால் போதும். மழைக்கு முன்னால், பொழுது சாய்வதற்கு முன்னால் பாதை சுத்தமாக இருக்க வேண்டும். இதை ஒத்துக்கொண்டால்தான் பொதுப் பாதையில் சவாரி ஓட்ட அனுமதி என்று விதி வர வேண்டும். சேர்ந்த சாணியைத் தோட்டக்காரர்களுக்குக் கொடுக்கலாம், விற்கலாம்.

இதைச் சொன்னபோது எங்களிலேயே ஒருவர் எதிர்த்தார். “அந்த அள்ளுற ஆளையும் எங்கேருந்து எடுப்பாங்க? அதே லயத்துலேருந்துதானே?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு எங்களிடம் முழுசான பதில் இல்லை. ஆனால் வித்தியாசம் ஒன்று இருக்கிறது. குதிரைத் தொழிலில் இருக்கிற எல்லாரும் முறைவைத்து அள்ளுவது என்று வந்தால், அது ஒரு சாதியின் வேலையாக இல்லாமல் ஒரு தொழிலின் வேலையாக மாறும். இன்று கயிறு பிடிப்பவர் நாளை சவள் பிடிப்பார். சொந்தக்காரரும் ஒரு நாள் பிடித்தால் இன்னும் நல்லது. கையுறையும் சப்பாத்தும் கொடுப்பது யாருக்கும் செய்கிற தர்மம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

குதிரையேறுகிறவர் தப்பிவிடலாமா? பத்து நிமிஷ விருந்தாளிதான் அவர், சவள் பிடிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஆனால் காசு கொடுப்பவருக்கு ஒரு பலம் இருக்கிறது. குதிரை மிரளுமா, கடிக்குமா, எவ்வளவு நேரம், என்ன விலை என்று நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தானே பிள்ளையை ஏற்றுகிறீர்கள்? ஐந்தாவதாக இதையும் கேளுங்கள்: “சாணிய யார் அள்ளுவாங்க?” முதல் ஆள் கேட்டால் பொடியன் சிரிப்பான். பத்தாவது ஆள் கேட்டால் சொந்தக்காரரிடம் போய்ச் சொல்வான். ஒரு சீசன் முழுக்க எல்லாரும் கேட்டால் பீப்பாய் தானாக வரும்.