இரவல் சிறகு

'இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியலாமா?' என்பது நம் நாட்டுப் பழமொழி. திருமண வீட்டிற்குச் செல்லும் பெண் ஒருத்தி, அண்டை வீட்டில் இரவல் வாங்கிய பட்டுச் சேலையை உடுத்து அழகுடன் விளங்கலாம். ஆயினும், உரியவள் எந்த நேரத்தில் திருப்பிக் கேட்பாளோ என்னும் அச்சம் அவள் நெஞ்சை விட்டு நீங்குவதில்லை. தனி மனிதருக்குப் பொருந்தும் இவ்வுண்மை நாடுகளுக்கும் பொருந்தும். ஒரு நாடு தன் வானத்தைக் காப்பதற்குப் பிற நாட்டாரிடம் பெற்ற சிறகையே நம்பியிருக்குமானால், அச்சிறகு எவ்வளவு புதியதாயினும் இரவல் சிறகே ஆகும். இந்திய விமானப் படையின் வரலாறு, இந்த உண்மையைப் பல்லாண்டுகள் வருந்திக் கற்ற வரலாறு எனலாம்.

இந்திய விமானப் படை 1932ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் நிறுவப்பெற்றது. அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் நாள் கராச்சியில் அதன் முதல் அணி தொழிற்படத் தொடங்கியபோது, அதனிடம் இருந்தவை நான்கே நான்கு 'வாபிட்டி' விமானங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிறகுகளும், முகப்பில் சுழலும் விசிறியும் உடைய விமானங்கள் அவை. 1948ஆம் ஆண்டில் அதே படைக்கு 'வேம்பயர்' என்னும் ஜெட் விமானங்கள் வந்துசேர்ந்தன. பதினைந்து ஆண்டுகளில் விசிறி விமானம் போய் ஜெட் விமானம் வந்துவிட்டது!

போர்க் கருவிகளுள் விமானத்தைப் போல் விரைவில் முதுமை அடைவது வேறில்லை. பாட்டன் ஏந்திய வாளைப் பேரனும் ஏந்திப் போரிட்ட காலம் உண்டு. விமானத்தின் நிலை அத்தகையதன்று. பகைவனுடைய ராடார் இன்னும் சிறிது தொலைவு காணத் தொடங்கினால், அவனுடைய ஏவுகணை இன்னும் சிறிது விரைந்து பாய்ந்தால், நேற்றுப் புதியதாய் இருந்த விமானம் இன்று பழையதாகிவிடும். உடலில் சிறு பழுதும் இல்லாமலே அது முதுமை அடைகின்றது. ஆதலால், விமானப் படையைப் புதுப்பித்தல் என்பது ஒருநாள் செய்து முடிக்கும் வேலை அன்று. ஆண்டுதோறும் வயலை உழுவது போல ஓயாமல் செய்ய வேண்டிய தொழில்.

இதனை உணர்ந்தோர், விடுதலை பெற்ற இந்தியாவில் தொடக்கத்திலேயே இருந்தனர். பெங்களூரில் 1940ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில், வி. எம். காட்கே என்னும் அறிஞர் தலைமையில் எச்.டி.-2 என்ற பயிற்சி விமானம் வகுக்கப்பட்டு, 1951ஆம் ஆண்டில் வானில் எழுந்தது. அது சிறிய விமானமே. ஆயினும், நம்மவர் தாமே வரைந்து, தாமே செய்து பறக்கவிட்டது என்னும் பெருமை அதற்கு உண்டு. அந்த ஊக்கத்தால் நாடு பெரிய முயற்சி ஒன்றில் இறங்கியது. ஒலியினும் விரைந்து செல்லும் போர் விமானம் ஒன்றை உருவாக்க வேண்டும் என்பது அம்முயற்சி. ஜெர்மனி நாட்டின் புகழ் பெற்ற விமான வல்லுநரான கர்ட் டாங்க் 1956ஆம் ஆண்டில் பெங்களூருக்கு அழைக்கப்பெற்றார். இந்தியப் பொறியியலாளர் அவருடன் சேர்ந்து உழைத்தனர். முதலில் மரத்தாலேயே முழு அளவில் ஒரு விமானம் செய்து, எஞ்சின் இல்லாமல் வேறொரு விமானத்தால் இழுத்துச் சென்று, வானில் மிதக்கவிட்டு, அதன் வடிவம் செம்மையானதா என்று ஆராய்ந்தனர். பின்னர், 1961ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் உண்மையான விமானம் எழுந்தது. அதற்கு 'மருத்' என்று பெயர் இட்டனர். காற்றைக் குறிக்கும் வடசொல் அது. அதனை முதன்முதல் செலுத்திய சோதனை விமானி சுரஞ்சன் தாஸ்.

மருத்தின் உடல் அழகியது, வடிவம் செம்மையானது. குறை அதன் இதயத்தில் இருந்தது. அதற்கெனக் கருதியிருந்த வலிமை மிக்க எஞ்சின் இங்கிலாந்தில் உருவாக வேண்டியிருந்தது. அதனை உருவாக்கி முடிக்க ஆகும் செலவை ஏற்க இந்தியா முன்வரவில்லை. இங்கிலாந்தும் அதனைக் கைவிட்டது. வலிமை குறைந்த எஞ்சின்கள் இரண்டையே மருத்திற்குப் பொருத்த நேர்ந்தது. எகிப்து நாட்டில் உருவாகிவந்த எஞ்சின் ஒன்றைப் பயன்படுத்தும் முயற்சியும் பயன் தரவில்லை. ஒலியின் வேகத்தைப் போல் இருமடங்கு வேகத்தில் செல்ல வேண்டும் என்று எண்ணி வகுத்த விமானம், ஒலியின் வேகத்தை எட்டவே இடர்ப்பட்டது. யானையின் உடலில் மானின் இதயத்தை வைத்தாற் போன்ற நிலை அது.

அக்குறையை நீக்க ஒரு வழி தேடினர். எஞ்சினின் பின்புறம் வெளியேறும் வெங்காற்றில் மறுபடியும் எரிபொருளைச் சொரிந்து எரித்தால் உந்துவிசை மிகும். அவ்வாறு திருத்தி அமைத்த மருத் விமானத்தை 1970ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பெங்களூரில் செலுத்தியபோது, சுரஞ்சன் தாஸ் விபத்தில் உயிர் நீத்தார். மருத்தை முதன்முதல் வானுக்கு அழைத்துச் சென்ற கை, அதன் குறையைத் தீர்க்கும் முயற்சியிலேயே ஓய்ந்தது. பெங்களூரில் இன்று அவர் பெயரால் ஒரு சாலை விளங்குகின்றது. அச்சாலையில் நாள்தோறும் செல்வோருள் எத்தனை பேர் அப்பெயரின் பின்னுள்ள தியாகத்தை எண்ணுகின்றனரோ!

1971ஆம் ஆண்டுப் போரில் மருத் விமானங்கள் இராஜஸ்தான் எல்லையில் நன்கு பணியாற்றின. எனினும், ஏற்ற எஞ்சின் கிடைக்காமையால் அவ்வினம் மேலும் வளரவில்லை. மொத்தம் 147 விமானங்களுடன் அதன் உற்பத்தி நின்றது. அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. மருத்தைத் தொடர்ந்து வேறொரு போர் விமானத்தை வகுக்கும் பணி உடனே தொடங்காமையால், அரிதின் முயன்று பெற்ற அறிவு அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வழி அடைபட்டது. செலவை மிச்சப்படுத்தியதாக எண்ணியவர்கள் காலத்தை இழந்தனர். பணத்தை மீண்டும் ஈட்டலாம். காலத்தை எவ்வாறு ஈட்டுவது?

இதற்கிடையில், 1963ஆம் ஆண்டு முதல் சோவியத் நாட்டு மிக்-21 விமானங்கள் விமானப் படையில் சேரத் தொடங்கின. அவை விரைவும் வீறும் உடையவை. பின்னர் நாசிக் நகரில் நம் தொழிற்சாலையிலேயே அவற்றைச் செய்தனர். ஆயினும், பிறர் வரைந்த படத்தைப் பார்த்துச் செய்தல் வேறு. படத்தையே வரைய அறிதல் வேறு. மிக்-21இன் இடத்தில் அமர வேண்டிய புது விமானம் காலத்தில் வாராமையால், அவை வயது முதிர்ந்த பின்னரும் பறக்க வேண்டியவை ஆயின. இளம் விமானிகள் விரைவு விமானத்தில் ஏறும் முன்பு பழகுதற்கு உரிய 'ஹாக்' பயிற்சி ஜெட் விமானம் 2008ஆம் ஆண்டில்தான் படையில் சேர்ந்தது. அதற்குள் நேர்ந்த விபத்துகள் பல; மாண்ட இளைஞர் பலர். படையைப் புதுப்பிக்கக் காலம் தாழ்த்துவதன் விலை பொருட்செலவாக மட்டும் நின்றுவிடுவதில்லை. தாய்மார்களின் கண்ணீராகவும் அது அளக்கப்படுகின்றது. 62 ஆண்டுகள் பணியாற்றிய மிக்-21, 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் சண்டிகரில் விடைபெற்றது. அன்று, 42 போர் விமான அணிகள் இருக்க வேண்டிய படையில் எஞ்சியவை 29 அணிகளே.

மிக்-21க்கு மாற்றாக இலகு போர் விமானம் ஒன்றை நாட்டிலேயே உருவாக்கும் திட்டம் 1983ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. அத்திட்டத்தை நடத்திய அறிஞருள் முதன்மையானவர் கோட்டா ஹரிநாராயணா. அவ்விமானத்தின் உடற்பகுதியில் பெரும்பங்கு கார்பன் இழைக் கலவையால் ஆனது; ஆகவே எடை குறைவு, வலிமை மிகுதி. உள்ளங்கையில் கோலை நிறுத்தி விளையாடும் சிறுவனைப் பார்த்திருப்போம். கோல் சாயச் சாய, அவன் கையை அசைத்து அதனை நிமிர்த்துகின்றான். அக்கோலைப் போலவே இவ்விமானமும் தானாக நிலைத்து நில்லாத வகையில் வகுக்கப்பட்டது. அதனால் அது நினைத்த மாத்திரத்தில் திரும்ப வல்லது. சிறுவனின் கையைப் போல ஒவ்வொரு நொடியும் அதனைத் திருத்தி நிறுத்துவது உள்ளே இருக்கும் கணிப்பொறி.

அக்கணிப்பொறிக்கு அறிவூட்டும் பணி, அமெரிக்க நிறுவனம் ஒன்றின் துணையோடு நடந்து வந்தது. 1998ஆம் ஆண்டு மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுக்குண்டுச் சோதனை நிகழ்த்தியதும், அமெரிக்கா தடை விதித்தது. அங்குப் பணிபுரிந்த இந்தியப் பொறியியலாளர் திருப்பி அனுப்பப்பட்டனர். கருவிகளும் அங்கேயே தங்கிவிட்டன. உரியவள் வந்து சேலையைக் கேட்டுவிட்டாள்! ஆனால் இம்முறை நம்மவர் கலங்கி நிற்கவில்லை. பெங்களூரில் தாமே அப்பணியைத் தொடர்ந்து முடித்தனர். 2001ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அவ்விமானம் வானில் எழுந்தது. பின்னர் அதற்குத் 'தேஜஸ்' என்று பெயர் சூட்டினர். அச்சொல் ஒளியைக் குறிக்கும். காற்றாகத் தொடங்கிய கனவு ஒளியாகத் தொடர்ந்தது. அன்று முதல் 2024ஆம் ஆண்டு வரை 23 ஆண்டுகள் ஒரு தேஜஸ் விமானமும் விபத்தில் விழவில்லை. தடையே அவர்களுக்கு ஆசிரியராக அமைந்தது போலும்!

விமானம் மட்டும் வானத்தைக் காத்துவிடாது. வருவது யார் என்று காணும் கண் வேண்டும். செய்தியை ஒன்றுசேர்த்து முடிவு கூறும் மூளை வேண்டும். தரையிலிருந்தே பாயும் கை வேண்டும். ராடார் கண் ஆகும். கட்டளை நிலையங்களை இணைக்கும் அமைப்பு மூளை ஆகும். ஏவுகணை கை ஆகும். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் 1983ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஏவுகணைத் திட்டத்திற்குத் தலைமை தாங்கினார். அத்திட்டத்தில் தோன்றிய 'ஆகாஷ்' ஏவுகணை, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் வரும் விமானத்தையும் வீழ்த்த வல்லது. அதற்கும் நெடுந்தொலைவில் தாக்க வல்ல எஸ்-400 அமைப்பு ரஷியாவிலிருந்து 2021ஆம் ஆண்டு முதல் வந்தது. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் மேற்கு எல்லையைக் கடந்து ஆளில்லா விமானங்கள் திரளாக ஏவப்பட்டபோது, இக்கண்ணும் மூளையும் கையும் ஒன்றுபட்டுத் தொழிற்பட்டன.

அங்ஙனமாயின், பிற நாடுகளிடம் ஒன்றுமே வாங்கலாகாது என்பதா? அன்று. வீடு பற்றி எரியும்போது, அண்டை வீட்டுக் குடத்தை வாங்க மாட்டேன் என்பது அறிவுடைமை ஆகாது. 1999ஆம் ஆண்டு கார்கில் போரில், பனிமலை உச்சிகளில் இருந்த பகை நிலைகளைப் பிரான்சு நாட்டு மிராஜ் விமானங்களே குறி தவறாமல் தாக்கின. அதே நாட்டிலிருந்து 'ரஃபேல்' விமானங்களும் 2020ஆம் ஆண்டு முதல் வந்தன. இன்றைய காவலுக்கு வாங்குவது தேவை; நாளைய காவலுக்குச் செய்யக் கற்பது கடமை. முன்னதை மட்டும் செய்து பின்னதை மறப்பதே பிழை.

தேஜஸ் விமானத்திலும் ஒரு பகுதி இன்னும் இரவலாகவே இருக்கின்றது. அதன் எஞ்சின் அமெரிக்காவில் செய்யப்பட்டது. 'காவேரி' என்ற பெயரில் எஞ்சின் உருவாக்கும் முயற்சி 1989ஆம் ஆண்டில் தொடங்கியது. வேண்டிய உந்துவிசை கிட்டாமையால், 2008ஆம் ஆண்டில் அது தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. செந்நிறமாகக் காய்ந்து எரியும் காற்றின் நடுவே, கோடை வெயிலிலும் பனி மலையிலும் உருகாமல் முறியாமல் சுழலும் உலோகத் தகடுகளைச் செய்யும் கலை உலகில் மிகச் சில நாடுகளுக்கே கைவந்தது. 2021ஆம் ஆண்டில் 83 புதிய தேஜஸ் விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆயிற்று. குறித்த காலத்தில் அவை வந்துசேரவில்லை. எஞ்சின்கள் தாமதமாக வந்தமை அதற்கு ஒரு காரணம். மருத்தின் காலத்தில் கேட்ட அதே கேள்வி, அறுபது ஆண்டுகள் கழித்தும் விடைக்காகக் காத்து நிற்கின்றது.

முதல் தேஜஸ் அணி 2016ஆம் ஆண்டில் பெங்களூரில் அமைந்து, 2018ஆம் ஆண்டில் கோயம்புத்தூரை அடுத்த சூலூருக்கு வந்தது. பள்ளி செல்லும் சிறுவரும் வயலில் நிற்கும் உழவரும் அதன் முழக்கம் கேட்டு அண்ணாந்து நோக்குவர். கண்ணுக்குத் தெரிவது முக்கோண வடிவான ஒரு சிறகு. கண்ணுக்குத் தெரியாமல் அதனுள் இருப்பது ஒரு மக்கள் கூட்டத்தின் உழைப்பு. சுரஞ்சன் தாஸ் முதலாக 2025ஆம் ஆண்டு நவம்பரில் துபாய் விமானக் காட்சியில் தேஜஸைச் செலுத்தி உயிர் நீத்த வீரர் ஈறாகப் பலருடைய உயிர்.

அண்ணாந்து நோக்கும் சிறுவருள் ஒருவர், 'இது எவ்வளவு விரைவாகப் பறக்கின்றது!' என்று வியப்பார். மற்றொருவர், 'இதன் எஞ்சின் எவ்வாறு இயங்குகின்றது?' என்று கேட்பார். வியப்பவரால் விமானத்திற்குப் புகழ் உண்டாகும். கேட்பவரால் நாட்டிற்குச் சொந்தச் சிறகு உண்டாகும்.